கரை மடிக்காத திரைச்சீலை

பிப்ரவரி 8

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. மழை வரப்போவது எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நமக்குள் சண்டைதான் வரும், அதனால் கடிதமே மேல். இதில் சண்டை போட்டாலும் பதில் வருவதற்குள் கோபம் ஆறிவிடுகிறது.

கடையில் ஒரு தலைவலி. உன்னிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவேன்? என் கடையின் லட்சணம் உனக்குத் தெரியும். ஒரு நீள அறை, இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேசை. துணி வெட்ட மாஸ்டர். வீடு வீடாகப் போய்த் திரைச்சீலைகளை மாட்டிவிட்டு வர ஏணி. ஏணி போடாமலே கம்பியை எட்டிவிடுவான், அதனால் அந்தப் பெயர். திரைச்சீலையின் தலைப்பில் மடிப்பு வைத்துத் தைக்க மடிப்பு. அவளுக்கு வேறு பெயர் உண்டென்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. அவ்வளவு சீரான கை.

அந்த மடிப்புதான் போன வாரம் என் எதிரில் வந்து நின்றாள். நாலாவது மாதமாம். "குழந்தை பொறந்து கொஞ்ச மாசம் வீட்ல இருந்துட்டு வரேன்க்கா. என் மெஷினை யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! நாலு மாதமாக வாயைத் திறக்கவில்லை பார், அமுக்கமான ஆள். முதலிலேயே சொல்லியிருந்தால் அப்போதே வேறு ஆளைத் தேடி வேலை பழக்கியிருப்பேன். அது தெரிந்துதான் சொல்லவில்லை போலிருக்கிறது. பெரிய கம்பெனி என்றால் ஒருத்தி போனால் அந்த இடத்தில் இன்னொருத்தி. இங்கே மடிப்பு வைக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்தி. ஒரு நாள் கடையைப் பூட்டினால் என் குடி முழுகிவிடும். இதில் மாதக் கணக்கில் லீவும் கொடுத்து, இடத்தையும் பிடித்து வைத்திருக்க வேண்டுமாம். குருவி தலையில் பனங்காய்.

உன் அத்தான் சட்டம் பேசுகிறார். சட்டமெல்லாம் நம்மை மாதிரிச் சின்னக் கடைகளை எட்டிப் பார்த்தா எழுதினார்கள்? நான் மூத்தவனை வயிற்றில் வைத்துக்கொண்டு மெஷின் மிதிக்கவில்லையா? எனக்கு யார் லீவு கொடுத்தார்கள்? "பெத்துட்டு வா, அப்பப் பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மருந்துக்கடை முதலாளிப் பெரியவரின் மனைவிக்கு இப்போது எப்படி இருக்கிறது?

உன்னைத் தூக்கி வளர்த்து இடுப்பு ஒடிந்த
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் முதல் வணக்கம். நான் கொடுத்தனுப்பிய களிம்பைத் தடவுகிறாயா, அல்லது டப்பாவை அழகு பார்க்கிறாயா? நாங்கள் நலம். பெரியவரின் மனைவிக்குத்தான் ஒன்றும் சரியில்லை. வாரத்தில் பாதி நாள் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மருந்துக்கடையில் நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். ஏன் என்று கேள். நானும் வாயைத் திறக்காத ஒரு அமுக்கமான ஆள்தான் அக்கா. இரண்டு மாதம் ஆகிறது.

இத்தனை வருஷம் ஒவ்வொரு டாக்டர் வாசலிலும் உட்கார்ந்து தேய்த்தாயிற்று. இனிமேல் இல்லை என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசி முடித்து, தேற்றிக்கொண்டு, வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தோம். இப்போது அவர் என்னைத் தண்ணீர்க் குடம்கூடத் தொட விடுவதில்லை. எனக்கு சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். உரக்கச் சொன்னால் போய்விடுமோ என்று இருக்கிறது. அவருக்கு அடுத்து உனக்குத்தான் சொல்கிறேன்.

பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை. என் படிப்புச் சான்றிதழ்தான் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் தொங்குகிறது. நான் இல்லாவிட்டால் கடை திறக்க முடியாது, திறந்தால் குற்றம். நான் மாதக் கணக்கில் போனால் அவர் வேறு ஒரு சான்றிதழைத் தேட வேண்டும். வருகிறவர்கள் குழந்தை பிறந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களா?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நான் உன் கடையில் வேலை பார்த்து, உன் எதிரில் வந்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அத்தானுக்கு என் அன்பு.

வாலு


மார்ச் 1

என் கண்ணே,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்துத் தொலைத்தேன். நான் அழுததைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்று மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். உன் அத்தான் அன்றைக்குப் பூரா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. இனி உடம்பு விசாரிப்பதெல்லாம் உன்னைத்தான்.

நாளைக்கே பெரியவரிடம் சொல். முக்காலியில் ஏறி மேல் தட்டில் மருந்து எடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம். நின்றுகொண்டே இருக்காதே, உட்கார ஒரு நாற்காலி கேள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் லீவு வேண்டுமென்று வாய் விட்டுக் கேள். கேட்காத பிள்ளைக்குப் பால் இல்லை.

என் கடையில் நீ வந்து நின்றிருந்தால் என்று கேட்டிருக்கிறாய். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது உனக்குப் பிறவிக் குணம். உன் விஷயம் வேறு. நீ எத்தனை வருஷம் தவம் கிடந்தவள். உன் பெரியவர் கடை ஊரறிந்த கடை, தாங்கும். என்னுடையது அப்படியா? சரி, விடு. இந்த நேரத்தில் உன்னோடு வாதாட நான் தயாரில்லை.

நன்றாகத் தூங்கு. பெரியவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வேளையும் தூக்கம், நடுவில் வாந்தி, மற்றபடி நலம். அத்தானை உட்காரச் சொல், பிள்ளை பெறப்போவது நான்.

நீ சொன்னபடி பெரியவரிடம் கேட்டுவிட்டேன். மனுஷர், "வேண்டிய மட்டும் இருந்துட்டு வாம்மா. அதுவரைக்கும் யாரையாவது வெச்சு ஓட்டிக்கறேன். அந்த ஆணியில வேற சட்டம் தொங்காது" என்றார். லீவில் இருக்கும்போது சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுக்கு வந்துவிடும். மறுநாளே எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலி கொண்டுவந்து கல்லாவுக்குப் பின்னால் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரி நாற்காலி என்று நினைக்காதே, ஆபீஸில் போடுவார்களே, சுழலுமே, அது. ஒரு சக்கரம் மட்டும் முரண்டு பிடிக்கிறது. நான் கிழக்கே போனால் அது தெற்கே போகிறது.

ஊரறிந்த கடை என்று எழுதியிருந்தாய். நீ பார்த்ததில்லை. உன்னுடையதைவிடச் சின்னது அக்கா. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆள் நான் ஒருத்திதான். அவரும் கடனுக்கு மருந்து கொடுத்துவிட்டு முழிக்கிறவர்தான். அவர் குருவி தலையிலும் அதே பனங்காய்தான்.

மடிப்பு எப்படி இருக்கிறாள்? அவளிடம் என்ன சொன்னாய்?

வாலு


ஏப்ரல் 6

அன்புள்ள வாலுவுக்கு,

உடம்பு எப்படி? வாந்தி நின்றதா? இங்கே என் முழங்கால்கூட வாயை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறது.

உன் கடிதம் வந்து நாலைந்து நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. யாரோ ஒரு பெரியவர், பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, என் தங்கைக்கு நாற்காலி தேடி அலைந்திருக்கிறார். நான் இங்கே வயிற்றுப்பிள்ளைக்காரியை முதுகு வைக்க இடமில்லாத முக்காலியில் உட்காரவைத்து வேலை வாங்கிக்கொண்டு, ஊருக்கு உபதேசம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். மதியத்தில் அவள் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்குத் தங்கைக்கு வந்துதான் தெரிந்தது.

கூப்பிட்டுச் சொன்னேன். வேண்டிய மாதம் இருந்துவிட்டு வா, உன் மெஷின் உனக்குத்தான், சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும் என்றேன். அவள் நம்பவில்லை. "மாஸ்டர் முன்னாடி ஒரு தடவை சொல்லுங்கக்கா" என்றாள். மாஸ்டரையும் ஏணியையும் நிறுத்திவைத்துச் சொன்னேன். என் வார்த்தைக்கு இந்தக் கடையில் இருந்த மதிப்பு அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. மடிப்பு வைக்க நானே உட்காரப்போகிறேன். மாஸ்டர் ஒரு மணி நேரம் முன்னால் வருகிறேன் என்றார், நான் கேட்காமலே. அவளுக்கு முதுகு சாய நாற்காலியும் வந்தாயிற்று. எங்கிருந்து இந்த ஞானம் என்று உன் அத்தான் கேட்டார். தங்கை வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து என்றேன். கடையில் எல்லோருக்கும் இப்போது உன் பெரியவரைத் தெரியும்.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். குழந்தை இருக்கப்போகிற அறைக்குத் திரைச்சீலை. வெளிர் மஞ்சள், உள்ளே கனமான லைனிங், பகலில் தூங்கினாலும் கண் கூசாது. மேல் மடிப்பு முழுக்க மடிப்பே தைத்தாள், என்னைத் தொட விடவில்லை. கீழ்க் கரையை மட்டும் மடித்துத் தைக்காமல் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டு விட்டிருக்கிறேன். இந்தத் துணி மாட்டினதும் தன் கனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். இறங்கி நின்ற பிறகுதான் கரை மடிக்க வேண்டும், அவசரப்பட்டு மடித்தால் தரையில் புரளும். பிரசவத்துக்கு வரும்போது நானே உட்கார்ந்து தைத்துக்கொடுக்கிறேன். அதுவரை நூலைப் பிடுங்காதே, உனக்குக் கை சும்மா இருக்காது.

உன் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலந்தானே? திரைச்சீலை வந்தது. என் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி மாட்ட, நான் கீழே நின்று அதிகாரம் பண்ணினேன். காலையில் வெளிச்சம் வந்தால் அறை முழுக்க மஞ்சளாகிவிடுகிறது. மடிப்பின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவளுக்கு நீ செய்ததை மூன்று தடவை படித்தேன். நல்லவேளை அக்கா. ரொம்ப நல்லவேளை.

டாக்டர் என்னைக் கொஞ்சம் படுத்திருக்கச் சொல்கிறார். பயப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் சொல்கிறதுதான். பெரியவரின் மனைவியை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டார்கள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த அம்மா வீடு திரும்புகிற வரைக்கும் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், அப்புறம் படுத்துக்கொள்ளலாம்.

நாற்காலி நலம்.

வாலு


மே 12

அன்புள்ள வாலுவுக்கு,

கால் வீக்கம் இருக்கிறதா? படுத்திருக்கச் சொன்னால் படுத்திரு, டாக்டருக்கே டாக்டராகாதே. உன் பெரியவர்தான் தங்கமான மனுஷராயிற்றே, ஒரு வார்த்தை சொன்னால் கடையைப் பூட்டியாவது உன்னை அனுப்பமாட்டாரா?

எங்கள் மடிப்புக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. முகம் ஊதி வந்து நின்றாள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் முன்னாலேயே லீவு ஆரம்பம். கடை நொண்டுகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். நான் வைக்கிற மடிப்பைப் பார்த்து மாஸ்டர் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அவசரத்தில் ஒரு வீட்டுக்குத் துணி இறங்குமுன்னே கரையை மடித்து அனுப்பித் தொலைத்தேன். இத்தனை வருஷத் தொழிலில் செய்யாத தப்பு. இப்போது அந்த வீட்டுத் தரையை என் திரைச்சீலை பெருக்கிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாள் விட்ட டோஸை ஏணிதான் வாங்கிக்கொண்டு வந்தான்.

உன் வீட்டுத் துணி எவ்வளவு இறங்கியிருக்கிறது? அளந்து எழுது.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள வாலுவுக்கு,

பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. மாப்பிள்ளையைப் பிடித்தேன், "நல்லா இருக்காக்கா, தூங்கறா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் எப்போதுமே இரண்டு வார்த்தை மனுஷர்தான், இருந்தாலும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. என் மேல் ஏதாவது கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுது.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மேல் ஒரு கோபமும் இல்லை. இடையில் காய்ச்சல் வந்தது, இப்போது தேவலை. பெரியவரின் மனைவி வீட்டுக்கு வந்துவிட்டார். கடையில் வேலை சரியாக இருக்கிறது, அதனால்தான் எழுத முடியவில்லை.

துணி இறங்கியிருக்கிறது. நான் அளக்கவில்லை.

மடிப்பை விட்டுவிடாதே. நல்ல ஆஸ்பத்திரியில் காட்டச் சொல். கடையில் இருக்கிற வேலையில் நீ இப்போதைக்கு இங்கே வரவேண்டாம், அப்புறம் சொல்கிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

வாலு


ஜூலை 5

அன்புள்ள வாலுவுக்கு,

என்னடி இது, தந்தி மாதிரி ஒரு கடிதம்? வயிற்றில் உதைக்கிறதா இல்லையா என்றுகூட எழுதவில்லை. நான் வரக்கூடாதென்று உத்தரவு வேறு. வருகிற நேரத்தில் நான் வருவேன், நீ சொல்லியா வரவேண்டும்?

நல்ல சேதி ஒன்று. மடிப்புக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம், அது சும்மா வந்த நலம் இல்லை. அழுத்தம் தாறுமாறாக ஏறி, கடைசியில் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். மெஷினில் உட்கார்ந்தபடி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் இரண்டு உயிரும் கைக்கு வந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. பிப்ரவரியில் நான் பேசின பேச்சு எனக்கல்லவா தெரியும். "எனக்கு நன்றி சொல்லாதீங்க. எங்கேயோ ஒரு மருந்துக்கடையில ஒரு பெரியவர் இருக்கார், அவருக்குச் சொல்லுங்க" என்றேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்த மனுஷருக்கு நன்றி சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கடை விலாசத்துக்கே தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். லீவு, நாற்காலி, அவரைப் பார்த்து நான் திருந்தியது, மடிப்பின் குழந்தை, எல்லாம் எழுதியிருக்கிறேன். நீ வெட்கப்பட்டுத் தடுப்பாயென்றுதான் முன்கூட்டிச் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இனி நாட்கள் ஓடிவிடும்.

அக்கா


ஜூலை 22

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டே ஆரம்பிக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி. அத்தான் பக்கத்தில் இருந்தால் நல்லது.

குழந்தை இல்லை. மே மாதத்திலேயே போய்விட்டது. உன் கடிதம், துணியை அளந்து எழுதச் சொன்னாயே, அது வந்து சேர்ந்த வாரத்தில். பையன்.

நான் பெரியவரிடம் கேட்கவே இல்லை அக்கா. லீவும் இல்லை, நாற்காலியும் இல்லை. அந்த முரண்டுச் சக்கரத்தை நான்தான் கற்பனை பண்ணினேன். கேட்கவேண்டுமென்று பல நாள் வாய் வரைக்கும் வந்தது. வரும்போதெல்லாம் உன் முதல் கடிதம் ஞாபகம் வரும். முதலிலேயே சொல்லியிருந்தால் அப்போதே வேறு ஆளைத் தேடியிருப்பேன் என்று எழுதியிருந்தாய். யாரோ ஒரு கடுவன் முதலாளி சொல்லியிருந்தால் நான் துடைத்துப் போட்டிருப்பேன். நீ சொன்னாய். தன் சாப்பாட்டில் பாதியை எடுத்துவைத்து என்னைப் படிக்கவைத்தவள் நீ. நீயே உள்ளுக்குள் அப்படி நினைப்பாயென்றால், நல்லவர்களெல்லாம் உள்ளுக்குள் அப்படித்தான் நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பெரியவரும் நல்லவர். அதனால்தான் பயந்தேன்.

உன்னைக் குத்த இதை எழுதவில்லை. உனக்குப் பொய் ஏன் எழுதினேன் என்று கேட்பாய். கேட்கவில்லை என்று எழுதினால் திட்டுவாய். கொடுத்தார் என்று எழுதினால் உனக்கு ரோஷம் வந்து மடிப்புக்காவது ஏதாவது நடக்குமென்று ஒரு நப்பாசை. உன் ரோஷம் எனக்குத் தெரியாதா? வீட்டில் அவரிடமும் லீவு கேட்டாயிற்று, இந்த மாதம் முடியட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே வலி. பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இந்த ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டுப் பூட்டலாம் என்று நினைப்பேன், அதற்குள் இன்னொருவர் வந்து நிற்பார். ஒருவருக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்து, ஒரு அம்மாவுக்குக் குழந்தையின் காய்ச்சல் மருந்து. எல்லோருக்கும் அவசரம். எனக்கும் அவசரம்தான் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஷட்டரை இழுக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. டாக்டர், படுத்தே இருந்திருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்றார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தைத்தான் நான் அன்றிலிருந்து முடித்து முடித்துப் பார்க்கிறேன்.

பெரியவரிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஒரே வாரத்தில் வேலைக்குப் போய்விட்டேன். சொல்லாத பிள்ளைக்கு எதைச் சொல்லி லீவு கேட்பது? என் வீட்டுக்காரர் உனக்கு எழுதுகிறேன் என்றார். மடிப்பு பெற்று எழட்டும், அதுவரை ஒரு எழுத்து எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். இது தெரிந்தால் நீ அங்கே இடிந்து உட்கார்ந்துவிடுவாய், கடையில் அவளைக் கவனிக்க ஆள் இருக்காது.

அப்புறம் உன் கடிதம் பெரியவருக்குப் போனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றார், மருந்து வாங்க வந்தவர் மாதிரி. இனி மறைக்க முடியாமல் நடந்ததெல்லாம் சொல்லிவிட்டேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா ஐயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார். "தெரியலம்மா" என்றார். "குடுத்திருப்பேன்னு சொல்லத்தான் ஆசையா இருக்கு."

மறுநாள் கடைக்குப் போனால் கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. சுழல்கிற நாற்காலி, புதுசு, உறைகூடப் பிரிக்கவில்லை. நான் அதில் உட்காரவில்லை. அவர் என்னை உட்காரச் சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வேலை பார்த்தோம். சாயங்காலம், வேண்டிய மட்டும் வீட்டில் இருந்துவிட்டு வரச் சொன்னார். தெரிந்த ஒருவரை வைத்துக் கடையை ஓட்டிக்கொள்கிறாராம். சுவரில் இருந்த என் சான்றிதழை அவர் கழற்றவில்லை, அதன் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தார்.

ஆக இப்போது எனக்கு லீவு. காலையில் எழுந்தால் அறை மஞ்சளாக இருக்கிறது. செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மடிப்புக்கு இது தெரியவேண்டாம். அப்படி ஒரு பெரியவர் இருந்தார் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். குழந்தையை என் கணக்கில் ஒரு தடவை தூக்கிக் கொஞ்சிவிட்டு வா.

உன்
வாலு


ஜூலை 28

என் கண்ணே,

உன் கடிதத்தை உன் அத்தான்தான் படித்துச் சொன்னார். பாதிக்கு மேல் என்னால் எழுத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் என்ன சொன்னாலும் சமாதானம் சொல்வது போலிருக்கும். சொல்லவில்லை. அன்றைக்கு அந்த முதல் கடிதத்தை நான் சிரித்துக்கொண்டே எழுதினேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மடிப்பு இரண்டடி தள்ளித் தைத்துக்கொண்டிருந்தாள். எழுதி ஒட்டி, தபாலில் போடச் சொல்லி அவள் கையில்தான் கொடுத்தேன்.

நீ சொன்னபடி போய்க் குழந்தையைத் தூக்கினேன். கொஞ்ச முடியவில்லை, பிடித்துக்கொண்டு நின்றேன். என்னக்கா என்று மடிப்பு கேட்டாள். முழங்கால் வலி என்று சொன்னேன்.

கடையைப் பூட்டிவிட்டேன். மாஸ்டருக்கும் ஏணிக்கும் சம்பளத்தோடு லீவு. எப்போது திறப்பீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், தெரியாது என்று சொன்னேன். ஒரு நாள் பூட்டினால் குடி முழுகிவிடும் என்று உனக்கு எழுதினேனே, ஷட்டரை இழுத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒன்றும் முழுகவில்லை. தெரு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவுதானா என்று நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன்.

நாளைக்குக் காலை பஸ்ஸில் வருகிறேன். ஊசியும் மஞ்சள் நூலும் எடுத்துக்கொண்டேன், பழக்கம். துணி இந்நேரம் இறங்கி நின்றிருக்கும். மடிக்கச் சொன்னால் மடிக்கிறேன், கழற்றச் சொன்னால் கழற்றுகிறேன். ஒன்றும் சொல்லாவிட்டால் உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நாள் என்று என்னிடம் கேட்காதே. நீ கேட்கவேண்டியது ஒன்றும் இல்லை.

அக்கா